சூளை ஆறப் பொறுக்காதவர்கள்

டிங்.

எவர்சில்வர் டம்ளரில் மோதிரம் பட்டால் வருமே, அந்த மாதிரிச் சின்னச் சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல.

பங்குனி வெயில், உச்சிவேளை. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையை ஒட்டின தெருவில் என் தங்கை சுமதியின் வீடு. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். பட்டறை வாசலில் வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அப்பளம் பொரிகிற வாசனை. பக்கத்துச் சூளைக் கொட்டகையிலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. கையில் சாதக் கரண்டியோடு சுமதி வெளியே ஓடி வந்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"யாரு தொறந்தது?" என்றாள்.

போன வாரக் கட்டுரையில், இமாசலத்து ஸ்பிதி பள்ளத்தாக்கில் பனி விழுந்து பஸ் நின்றுபோன இடத்தில் உங்களை விட்டுவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் பஸ்ஸுக்குள்ளேயே இருங்கள், ஒன்றும் ஆகிவிடாது. இந்த வாரம் என்னால் பனியைப் பற்றி எழுத முடியாது. வயிறு எரிகிறது. எரிகிறபோது எழுதாதே, ஆறட்டும் என்று என் மனைவி சொன்னாள். ஆறினால் நாகரிகமாக எழுதிவிடுவேன் என்று பயந்துதான் இப்போதே எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த ஊர்

எங்கள் ஊரை எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால், "ட்ரெயின்ல போறப்ப வருமே சார், ஜங்ஷன்" என்பார்கள். தூக்கக் கலக்கத்தில் ஜன்னல் வழியாக மஞ்சள் பலகையைப் படித்திருப்பார்கள். இறங்கினவர்கள் குறைவு.

ஆனால் எங்கள் ஊர் உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும். மெயின் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தால் வெள்ளையாக ஒரு ஃப்யூஸ் கட்டை இருக்குமே, அது எங்கள் தெருவில் வெந்ததாக இருக்கலாம். காலையில் எழுந்ததும் நீங்கள் முதலில் போய் உட்காருகிற பேசினும்கூட இங்கே பிறந்ததாக இருக்கலாம். வெளியூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அது இல்லாமல் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.

சுமதியும் அவள் வீட்டுக்காரர் ராஜேந்திரனும் பல வருஷமாக ஃப்யூஸ் கட்டைதான் போட்டுவந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கி, தன் கம்பெனிப் பேரை ஒட்டி விற்பார். இவர்கள் பேர் எதிலும் கிடையாது. இந்த வருஷம்தான் புதுச்சேரியில் புதிதாகத் திறக்கப்போகிற ஓட்டல் ஒன்றிலிருந்து காப்பிக் கோப்பைக்கு ஆர்டர் வந்தது. கொழுந்து வாழையிலைப் பச்சையில் மெருகு. அந்தப் பச்சை வருவதற்குள் சுமதி எத்தனை மாதிரி சுட்டு எத்தனையைத் தூக்கிப் போட்டாள் என்று எனக்குத் தெரியும், போனில் தினமும் புலம்புவாள். ஒவ்வொரு கோப்பையின் அடியிலும் "சுமதி, விருத்தாசலம்" என்று முத்திரை வைக்கலாம் என்று ஓட்டல்காரரே சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவள் எனக்கு போன் பண்ணி என்ன சொன்னாள் தெரியுமா? "அண்ணே, இனிமே யாராச்சும் காப்பி குடிச்சிட்டுக் கவுத்து வச்சா, என் பேரு தெரியும்." அதைச் சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தாள்.

இந்தத் தெருவுக்குச் சூளை ஒன்றுதான், கேஸில் எரிகிற பெரிய சூளை. நாலைந்து பட்டறைக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் முறை முடிந்தால் அடுத்தவர் முறை. உன் முறையில் உன் சரக்கு கெட்டால் மறுபடி உன் முறை வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த ஆளின் சரக்கு வாசலில் காய்ந்துகொண்டு நிற்கும், அவரிடம் போய் விட்டுக்கொடு என்று கேட்க முடியாது.

நெருப்பை அணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அதற்குப் பிறகுதான் கஷ்டமே. கதவைச் சாத்தி, அது தானாக ஆறுகிற வரைக்கும் தொடக்கூடாது. சூடாக இருக்கிற பீங்கானில் வெளிக்காற்று பட்டால் தெறித்துவிடும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும் இது. சூளைக் கதவுப் பக்கம் பந்து ஓடினால்கூட எடுக்கப் போகமாட்டார்கள்.

தொப்பிக்காரன்

நான் ஊர் சுற்றி எழுதுகிறவன் என்பதால், சென்னையில் ஒரு சுற்றுலா நிறுவனம் அவ்வப்போது என்னை வழிகாட்டியாகக் கூப்பிடும். நெசவு நடக்கிற ஊர், மண்பாண்டம் செய்கிற ஊர் என்று ஒரு வேன் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது. அந்த ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலம். சுமதி வீட்டில் மதியச் சாப்பாடு என்று அவளே சொல்லிவிட்டாள். "ஒன்கூட வரவங்க ஓட்டல்லயா சாப்புடுவாங்க? நல்லா இருக்குதே கத!"

வந்தவர்களில் பெரும்பாலோர் தங்கமானவர்கள். ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, புதுசாகக் கல்யாணமான ஜோடி, இரண்டு ஐடி பையன்கள். இவர்களோடு ஒருவன். பயண வீடியோ போடுகிறவன். சேனலுக்கு என்னவோ பட்டப்பெயர் வைத்திருந்தான். என் செலவில் அவனுக்கு விளம்பரம் எதற்கு? தலையில் எப்போதும் ஒரு தொப்பி இருந்தது, தொப்பிக்காரன் என்று வைத்துக்கொள்வோம்.

வழியில் வேப்பூரில் டிபனுக்கு இறங்கினபோதே எனக்குச் சுருக்கென்றது. மாஸ்டர் கல்லில் தோசை ஊற்றுவதைப் படம் பிடித்தான். சரியாக வரவில்லை என்று அதைத் தள்ளிவைத்து மறுபடி ஊற்றச் சொன்னான். மறுபடியும். வெளியே இரண்டு பஸ் கூட்டம் பசியோடு நின்றது. மாஸ்டர் ஊற்றிக்கொடுத்தார். நான் பில் கொடுக்கிற இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு தோசைக்கு இவ்ளோவா தம்பி?" என்றேன்.

"கன்டென்ட் சார்" என்றான்.

அந்த வார்த்தை மேல் எனக்கு அன்றைக்குப் பிடித்த வெறுப்பு இன்னும் விடவில்லை.

பெட்டியைத் திறந்து காட்டு

இந்த மாதிரி ஆட்கள் எனக்குப் புதிதில்லை. இடையில் ஒரு பழைய கதை.

குஜராத்தில் கட்ச் பக்கம் ஒரு கிராமம். சில வருஷங்களுக்கு முன்னால் போயிருந்தேன். துணியில் பூவேலை தைப்பதற்குப் பேர்போன ஊர். ஒரு வீட்டில் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். மூலையில் ஒரு தகரப் பெட்டி. மகளின் கல்யாணத்துக்காக அந்தத் தாய் வருஷக்கணக்காகத் தைத்துச் சேர்த்த துணிகள் அதில் இருந்தன. மாப்பிள்ளை வீட்டார் முன்னால்தான் திறப்பது வழக்கமாம். என்னோடு வந்த டில்லி அம்மாள் ஒருத்தி, "ப்ளீஸ், ஒன்றே ஒன்று பார்க்கிறேனே" என்று ஆரம்பித்தாள்.

அந்தத் தாய் மகளைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். வந்தவளிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. திறந்தாள். டில்லி அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து உதறி, தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். மடிக்கத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். அந்தப் பெண்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

நான் பார்த்த ஊர்களிலெல்லாம் இதைப் பார்த்துவிட்டேன். கேட்கிறவனுக்குக் கூச்சம் கிடையாது, வீட்டுக்காரனுக்கு மறுக்க வாய் வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் நாசம் பண்ணலாம். அதற்கு நாம் வைத்திருக்கிற பேர் விருந்தோம்பல்.

நாலு விரல்

சுமதியின் கோப்பைகள் அன்றைக்குச் சூளைக்குள் இருந்தன. முதல் நாளே நெருப்பை அணைத்தாயிற்று. மறுநாள் காலையில்தான் திறக்க வேண்டும். அதற்கடுத்த நாள் ஓட்டல்காரர் வண்டி அனுப்புவார். இதையெல்லாம் வேனிலேயே எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். "சூளையை வெளியே நின்று பாருங்கள், கதவுப் பக்கம் மட்டும் போகாதீர்கள்" என்று இரண்டு தரம் சொன்னேன். டீச்சரம்மா, "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்" என்று ஐடி பையன்களுக்கு விளக்கம்கூடச் சொன்னார்.

பட்டறையைச் சுற்றிக் காட்டினேன். எல்லோரும் அச்சில் களிமண் ஊற்றிப் பார்த்தார்கள், கையெல்லாம் சேறாக்கிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். கை கழுவ அவர்களைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு மரத்தடிக்கு வந்தேன். அந்த நேரத்தில்தான் தொப்பிக்காரன் சூளைக் கொட்டகைக்குப் போயிருக்கிறான். அங்கே ராஜேந்திரன் மட்டும் காவலுக்கு இருந்தார்.

அந்தப் பேச்சைப் பிற்பாடு ராஜேந்திரன் வாயாலேயே கேட்டேன்.

"அண்ணா, கதவைக் கொஞ்சம் தொறங்க, உள்ள ஒரு ஷாட்."

"இல்லீங்க தம்பி, தொறக்கக் கூடாது. நாளைக்கிக் காலைல வாங்க, தாராளமா எடுங்க."

"நாளைக்கு நான் தஞ்சாவூர்ல இருப்பேன் அண்ணா. ஒரே செகண்ட். சார்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

பொய். பச்சைப் பொய். என்னிடம் அவன் வாயே திறக்கவில்லை.

ராஜேந்திரன் தயங்கியிருக்கிறார். அவன் கேமராக் குச்சியை நீட்டிக்கொண்டு நகராமல் நின்றிருக்கிறான். இவர் சூளைக்காரர், சாகும்போதும் மறக்க மாட்டார் அந்த விதியை. ஆனால் வந்தவன் மச்சான் கூட்டிவந்த ஆள். மச்சானிடம் சொல்லிவிட்டு வந்ததாக வேறு சொல்கிறான். நாலு விரல் அகலம் திறந்தார்.

டிங்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது கதவைச் சாத்தியிருந்தார். சாத்தி என்ன? உள்ளே போன காற்று போனதுதான். சத்தம் நிற்கவில்லை. முதலில் ஒன்று, அப்புறம் நாலு, அப்புறம் மழை பிடித்தாற்போல. ராஜேந்திரன் இரண்டு கையாலும் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். எதை நிறுத்தப் பார்த்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

தொப்பிக்காரன் முகம் மலர்ந்திருந்தது. மைக்கைக் கதவோரம் கொண்டுபோனான்.

"எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க ப்ளீஸ். சவுண்ட் எடுக்கறேன். சார், மியூசிக் மாதிரி இருக்கு சார்!"

பாவி. என் தங்கை அவனுக்கு மூன்றடி தள்ளி, கரண்டியோடு நிற்கிறாள். உள்ளே உடைகிறது அவள் பேர்.

நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன். இதில் எனக்கு வெட்கமில்லை. "அது மியூசிக் இல்லடா, கோப்பை தெறிக்கிற சத்தம்!" என்று கத்தினேன். ஐடி பையன்கள் வந்து பிரித்தார்கள். "சாரி சார், எனக்குத் தெரியாது சார்" என்றான். வேனில் இரண்டு தரம் சொன்னேனே, அப்போது இவன் காதில் ஹெட்போன் இருந்திருக்கும். "எவ்ளோ ஆகும்னு சொல்லுங்க, ஜிபே பண்ணிடறேன்" என்று சுமதியைப் பார்த்துச் சொன்னான்.

சுமதி ராஜேந்திரனைத்தான் பார்த்தாள்.

"ஏங்க, ஒங்களுக்குமா தெரியாது?"

"மச்சான் கூட்டியாந்த புள்ள. மொகத்துக்கு நேரா இல்லன்னு சொன்னா மச்சானுக்கு மரியாத கொறச்சல் ஆயிடுமேன்னு..."

"மரியாதையாம் மரியாத!" என்றாள் சுமதி. "என் பேரு போச்சுது. ஒங்க மச்சான் மரியாத பத்தரமா இருக்குது, பாத்துக்குங்க."

இலை போட்டாயிற்று

சுமதி உள்ளே போய் இலை போட்டாள்.

"பைத்தியமா நீ? எல்லாரையும் கெளப்பிக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"வந்தவங்கள சாப்புடாம அனுப்புற பழக்கம் நம்ம வூட்ல கெடையாது. நீ போய் ஒக்காரு."

எல்லோருக்கும் பரிமாறினாள், தொப்பிக்காரனுக்கும் சேர்த்துத்தான். கொட்டகைப் பக்கமிருந்து டிங், டிங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. டீச்சரம்மா சாப்பாட்டில் கை வைத்து அளைந்துகொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. அந்தப் புதுப்பெண் எழுந்து சுமதி கையிலிருந்து குழம்பு வாளியை வாங்கிக்கொண்டாள். அவன் மட்டும் நன்றாகச் சாப்பிட்டான். "வத்தக்குழம்பு வேற லெவல் அக்கா" என்று சொல்லி மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டான். இலையை அவன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே, சாப்பிடுகிறவனை எழுப்பத் தெரியாது.

சாயந்திரம் வேன் கிளம்பியது. நான் ஏறவில்லை. நிறுவனத்துக்குப் போன் பண்ணி இனிமேல் என்னைக் கூப்பிடாதே என்றேன். "சார், கஸ்டமருக்கு அனுபவம் குடுக்கத்தானே கூட்டிட்டுப் போறோம்" என்றான் மேனேஜர். நல்ல அனுபவம்!

மறுநாள் காலையில் சூளையைத் திறந்தார்கள். கதவோரம் இருந்தவை இரண்டாகப் பிளந்திருந்தன. உள்ளே தள்ளி இருந்தவை பார்வைக்கு முழுசாக இருந்தன. அந்தப் பச்சை அவ்வளவு அழகாக வந்திருந்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் மெருகு முழுக்க மயிரிழை விரிசல். பக்கத்துப் பட்டறைக்காரர் தன் சரக்கை அடுக்கத் தயாராக நின்றார். அவர்மேல் குற்றமில்லை, அவர் முறை அது. ஓட்டல்காரரும் நல்லவிதமாகத்தான் பேசினார். திறப்பு விழா நாளை மாற்ற முடியாது, வேறு இடத்தில் கோப்பை வாங்கிக்கொள்கிறோம் என்றார்.

ராஜேந்திரன் அன்று முழுக்க விரிசல் விட்ட கோப்பை ஒன்றைக் கவிழ்த்து, அடியிலிருந்த எழுத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டுனா என்னா?" என்றார் கடைசியில்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். அநியாயம் நடந்தால், யார் என்ன செய்தார் என்று மனுவாக எழுதிச் சாமி முன்னால் கட்டிவிடுவோம், சாமி விசாரித்துக்கொள்ளும்.

சுமதிக்கு வந்ததே கோபம். "கட்டுங்க. எதிரி பேரு, ஊரு எழுதணுமே, என்னா எழுதுவீங்க? தொப்பின்னு எழுதுவீங்களா? சேனல் பேர எழுதுனா சாமி போன்ல தேடிப் பாக்குமா? இல்ல, எங்க அண்ணன் பேர எழுதிடலாமா? அந்த விலாசமாச்சும் தெரியும்."

விளையாட்டுக்குச் சொன்ன மாதிரியும் இருந்தது, விளையாட்டு இல்லாத மாதிரியும் இருந்தது. என் பேரை எழுதட்டும். விசாரணைக்கு நான் போகிறேன். சாமி முன்னால் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது.

அதே சத்தம்

வீடியோ வந்தது. சூளைக் கதவு, நாலு விரல் இடுக்கு, பின்னணியில் மெல்லிசாக ஒரு புல்லாங்குழல், அதன்மேல் டிங், டிங். "மண் பேசும் சத்தம்" என்று எழுதியிருந்தான். என் கூச்சலை வெட்டி எடுத்துவிட்டான். ராஜேந்திரன் கதவை அழுத்திப் பிடித்து நிற்கிறது மட்டும் இருந்தது, ஏதோ கும்பிடுகிற மாதிரி. ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தார்கள். மனசு லேசாகிவிட்டது, கண்ணீர் வந்துவிட்டது, இதைக் கேட்டால்தான் தூக்கமே வருகிறது என்று கீழே என்னென்னவோ எழுதியிருந்தார்கள். ஒருவராவது உள்ளே என்ன என்று கேட்டிருக்கவேண்டாமா?

போன வாரம் சுமதி வீட்டுக்குப் போயிருந்தேன். மறுபடி ஃப்யூஸ் கட்டை. அடியில் பேர் கிடையாது. அச்சிலிருந்து எடுத்த கட்டைகளை நீளப் பலகையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கையெல்லாம் களிமண், முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

ஒரு பெண்ணின் குரல். சென்னையிலிருந்து. வீடியோவில் பட்டறைப் பெயர்ப் பலகை தெரிந்ததாம், நம்பரை அதில் பார்த்து எடுத்தாளாம்.

"அக்கா, நாங்க ஒரு பத்து பேர் வரலாம்னு இருக்கோம். அந்தச் சத்தம் இருக்குல்ல, அதை நேர்ல கேக்கணும். எந்த நாள் வந்தா கேக்கலாம்?"

நான் போனைப் பிடுங்கப் போனேன். சுமதி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வாங்கம்மா. தாராளமா வாங்க. சாப்பாடு நம்ம வூட்லயே சாப்டுக்கலாம்" என்றாள், சாதாரணமான குரலில். "வரப்போ ஒங்க வூட்ல நீங்க ஆசயா வச்சிருக்கிற கப்பு, சாசரு எல்லாத்தையும் எடுத்தாங்க. நான் ஒடச்சிக் காட்டுறேன். அதே சத்தந்தாம்மா."

சுமதி முழங்கையால் போனை அணைத்தாள்.

"அண்ணே, பலகைய அந்தப் பக்கம் புடி" என்றாள்.